சீரியல்லயும் சினிமாவுலயும் கேரக்டர் ரோல் பண்றவங்க எப்படி பிழைக்கிறாங்க? வேலையை விட்டுட்டு இறங்கலாமா?

கேள்வியில ரெண்டு விஷயம் சேர்ந்து கிடக்கு. உங்களுக்கு 29 வயசு, குறும்படம் பண்ணியிருக்கீங்க, இப்ப ஒரு சீரியல்ல ஹீரோவோட அண்ணன் ரோல் வந்திருக்கு, மாசம் 10 நாள் கேக்கறாங்க, கம்பெனி வேலையை விட்டுடலாமாங்கறது ஒண்ணு. சீரியல்ல முகம் தெரிஞ்சிட்டா சினிமாக்காரங்க கூப்பிட மாட்டாங்களாமேங்கறது இன்னொண்ணு. நடுவுல மறு ஒளிபரப்புக்குக் காசு வருமான்னும் ஒரு வரி கேட்டிருக்கீங்க. ஆனா ரெண்டு தடவை படிச்சப்புறம் எனக்குத் தோணினது, நீங்க ஸ்டார் ஆகிறதைப் பத்தி கேக்கவே இல்ல. ஹீரோவே ஆகாம, பேரு யாருக்கும் சட்டுனு ஞாபகம் வராம, ஆனா கல்யாண வீட்ல பார்த்தா "சார் நீங்க அந்த சீரியல்ல மாமாவா வர்றவர்தானே"ன்னு நாலு பேர் வந்து செல்ஃபி எடுத்துக்கிற மாதிரி, இருபது முப்பது வருஷம் நடிச்சே பிள்ளைங்களைப் படிக்க வச்சு வீடு கட்டினவங்க இருக்காங்களே, அவங்க மாதிரி நாமளும் ஓட்டிட முடியுமா, அதுதான் கேள்வி.

நான் நடிகன் இல்ல. மெகா சீரியல்ல அசிஸ்டென்டா சேர்ந்து கோ-டைரக்டர் வரைக்கும் வந்தவன், நடுவுல சில படத்துலயும் வேலை பார்த்திருக்கேன். என் வேலையில பாதி, எந்த ஆர்ட்டிஸ்ட் எந்தத் தேதியில கிடைப்பாங்கன்னு பார்த்து ஷெட்யூல் போடறது. அதனால நடிப்புக் கலையைப் பத்தி சொல்ல என்னைவிட தகுதியானவங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா நடிகரோட காலண்டர் எப்படி இருக்கும், அதுல எந்த இடத்துல பணம் வருது எந்த இடத்துல வராதுங்கறதை கிட்ட இருந்து பார்த்திருக்கேன். சம்பளம்னு ஒரு நம்பர் போட மாட்டேன், ஆளுக்கு ஆள், சேனலுக்கு சேனல் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், "ஒரு நாளைக்கு இவருக்கு இத்தனை ஆயிரம்"னு வீடியோ போடறவங்க யாரும் வவுச்சரைப் பார்த்துட்டுப் போடறதில்ல.

கணக்குல இருந்தே ஆரம்பிக்கறேன். அரை மணி நேர ஸ்லாட்னா விளம்பரம் போக 20, 22 நிமிஷம் கதை ஓடணும். வாரம் 6 நாள் போற சீரியல்னா மாசத்துக்கு 25 எபிசோட் பக்கம் வரும், கூட்டிப் பாருங்க, 9 மணி நேரம், மூணு படத்துக்கு மேல. அதை ஒரே மாசத்துல எழுதி எடுத்து எடிட் பண்ணி டப்பிங் முடிச்சு சேனலுக்குக் குடுக்கணும், அடுத்த மாசம் மறுபடியும் மொதல்ல இருந்து. இந்த ஓட்டத்துல யூனிட்டுக்கு முதல்ல வேண்டியது காலையில ஒன்பது மணி கால்ஷீட்னா ஒன்பதுக்கு மேக்கப்போட நிக்கிற ஆளு. நாலு பக்க சீன் பேப்பரை அப்பதான் கையில குடுப்போம், கேமராவுக்குப் பக்கத்துல ஒரு அசிஸ்டென்ட் நின்னு வசனத்தை ப்ராம்ப்ட் பண்ணப் பண்ண அதைப் பிடிச்சு, அழுகை வேண்டிய இடத்துல அழுது, ரெண்டு டேக்ல முடிச்சுக் குடுக்கணும். அப்படிக் குடுக்கிறவரை அடுத்த சீரியலுக்கும் அந்த டைரக்டரே கூப்பிடுவார். பிரமாதமா நடிச்சும் தினம் பதினொரு மணிக்கு வர்றவரை சீரியல்ல ரெண்டாவது தடவை கூப்பிட்டு நான் அதிகம் பார்த்ததில்ல.

இப்படி ஒரு தொழிலே முன்னாடி கிடையாதுங்கறதையும் தெரிஞ்சுக்கணும். சென்னையில தூர்தர்ஷன் வந்தது 1975ல, அப்ப எல்லாம் சீரியல்னா பெரும்பாலும் 13 வாரத்துல முடிஞ்சிடும், அதை நம்பி யாரும் வீட்டு வாடகை குடுக்க முடியாது. நாடக மேடையில இருந்த நிறைய பேர் பகல்ல ஆபீஸ், சாயங்காலம் சபா நாடகம், லீவு போட்டுட்டு ஷூட்டிங்னு இருந்தாங்க. பூர்ணம் விஸ்வநாதன் ரேடியோவுல செய்தி வாசிச்சவர், டெல்லி கணேஷ் விமானப் படையில வேலை பார்த்துட்டு டெல்லியில நாடகம் போட்டுக்கிட்டு இருந்து அப்புறம் பாலச்சந்தர் படம் வழியா சினிமாவுக்கு வந்து 400 படத்துக்கு மேல பண்ணினவர். 1993ல சன் டிவி, அப்புறம் 1999ல 'சித்தி' மாதிரி தினசரி சீரியல், 2003ல இருந்து 2009 வரைக்கும் 1500 எபிசோடுக்கு மேல ஓடின 'கோலங்கள்', இதெல்லாம் வந்தப்புறம்தான் ஒரு கேரக்டர் ஆர்ட்டிஸ்டுக்கு வருஷக்கணக்குல மாசாமாசம் பணம்ங்கற விஷயமே வந்தது. ஹீரோயினோட அப்பாவா வர்றவருக்கு ஆறு வருஷம் வேலை உறுதின்னா அது எவ்வளவு பெரிய மாற்றம்னு நினைச்சுப் பாருங்க. சாலிகிராமம், வளசரவாக்கம், விருகம்பாக்கம் பக்கம் அந்தக் காலத்துல ஃப்ளாட் வாங்கின பல பேரோட இஎம்ஐயை கட்டினது சினிமா இல்ல, சீரியல்தான்.

ஆனா அது சம்பளம் இல்ல, தினக்கூலி மாதிரிதான், எத்தனை நாள் வந்தீங்களோ அத்தனை நாளுக்குக் காசு. உங்ககிட்ட 10 நாள்னு சொல்லியிருக்காங்கன்னா அது 10 நாள் கேட்டு வாங்கி வச்சுக்கிறாங்கன்னு அர்த்தம், 10 நாளும் ஷூட் பண்ணுவாங்கன்னு அர்த்தம் இல்ல. கதையில உங்க டிராக், அதாவது உங்க கேரக்டரைச் சுத்தின பகுதி, ஓடும்போது 14 நாள் கூட கூப்பிடுவாங்க, ஹீரோ ஹீரோயின் டிராக்குக்குப் போயிட்டா நீங்க ஹால்ல ஓரமா நின்னு முறைக்கிற ரியாக்‌ஷனுக்கு மட்டும் மூணு நாள் போவீங்க, அந்த மாசம் மூணு நாள் பேமென்ட்தான். சில பேர் குறைஞ்சது இத்தனை நாள்னு அக்ரிமென்ட்ல போட்டு வாங்கிடுவாங்க, புதுசா வர்றவங்களுக்கு அது கிடைக்கிறது கஷ்டம், ஆனா கேக்கறதுல தப்பில்ல.

இதனாலதான் எல்லாரும் ரெண்டு சீரியல் பண்ணப் பார்ப்பாங்க, கஷ்டம் அங்கதான் ஆரம்பிக்குது. சீரியல்ல காம்பினேஷன்னு ஒண்ணு இருக்கு, குடும்ப சீன்னா எட்டு பேரும் ஒரே நேரத்துல வேணும். எட்டு பேர்ல ஆறு பேர் வேற எங்கயாவது டேட் குடுத்திருப்பாங்க, எட்டு பேருக்கும் பொதுவா கிடைக்கிற நாள் மாசத்துல ரெண்டோ மூணோதான். அந்த ரெண்டு நாள்ல ஒருத்தர் "சார் ஒரு படம் வந்திருக்கு, மதுரையில அஞ்சு நாள், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ன்னு போன் பண்ணா அன்னிக்கு ராத்திரி எங்க ஆபீஸ்ல யாரும் தூங்க மாட்டாங்க. முதல் தடவை பண்ணுவோம், அவர் ஊருக்குப் போயிருக்கார்னு வசனம் மாத்துவோம், போன்ல பேசற மாதிரி அரை மணி நேரத்துல தனியா எடுத்து வச்சுக்குவோம், வேற ஒருத்தர் முதுகை வச்சு சஜஷன் ஷாட் எடுப்போம். ரெண்டாவது தடவை முணுமுணுத்துக்கிட்டே பண்ணுவோம். தொடர்ந்து நடந்தா டைரக்டர், அடுத்து கதை எப்படிப் போகணும்னு பேசற ஒன்லைன் டிஸ்கஷன்ல "அந்த கேரக்டருக்கு ஒரு ஆக்சிடென்ட் வச்சிடலாமா"ன்னு கேப்பார், அடுத்த வாரம் ஹால்ல மாலை போட்ட போட்டோ தொங்கும். இல்லேன்னா "இனி இவருக்குப் பதில் இவர்"னு ஸ்க்ரீன்ல ஒரு கார்டு போடுவாங்க. பார்க்கிறவங்க மூணு நாள் திட்டுவாங்க, நாலாவது நாள் பழகிடுவாங்க. நடிகர்கள் நிறைய பேர் நம்பறாங்க தன்னால கதை நிக்குதுன்னு, ஹீரோயினையே மாத்திட்டு ஓடின சீரியல் எத்தனையோ இருக்கு.

ஒரே ஒரு ஷெட்யூலுக்குக் கூட சொன்ன தேதியை மாத்தாதவங்கன்னு எல்லா புரொடக்‌ஷன் மேனேஜர்கிட்டயும் மனசுக்குள்ள ஒரு லிஸ்ட் இருக்கும். இருபது வருஷம் தாண்டி ஓடறவங்க கிட்டத்தட்ட எல்லாரும் அந்த லிஸ்ட்ல இருக்கிறவங்க. நடிப்பு நல்லா இருக்கணும்தான், அது உள்ள வர்றதுக்கு. உள்ளயே இருக்கிறதுக்கு டேட்தான்.

இன்னொரு சின்ன விஷயம், வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியாது, மீசை. சீரியல்ல உங்களுக்கு என்ன மீசை தாடி வச்சாங்களோ அது அந்த சீரியல் முடியற வரைக்கும் உங்க முகத்துல இருக்கணும், கண்டினியூட்டி. படத்துல போலீஸ் ரோல், க்ளீன் ஷேவ் பண்ணிட்டு வாங்கன்னு கூப்பிடுவாங்க, நீங்க முடியாதும்பீங்க, அந்த ரோல் வேற ஒருத்தருக்குப் போயிடும். தலைமுடியும் அப்படித்தான். விக் வச்சு சமாளிக்கிறவங்க உண்டு, க்ளோசப்ல தெரிஞ்சிடும். அதேமாதிரி துணி. பெரிய கேரக்டருக்கு கம்பெனி காஸ்ட்யூம் வரும், மத்தவங்க பெரும்பாலும் சொந்த சட்டை, சொந்தப் புடவைதான், அதுவும் ஒரு சீனோட மிச்சத்தை பத்து நாள் கழிச்சு எடுப்போம், அதே சட்டை வேணும்னு அசிஸ்டென்ட் போட்டோ அனுப்புவான். பெண்களுக்கு இந்தச் செலவு ரொம்ப அதிகம், புடவை, பிளவுஸ் தையல், செட் நகைன்னு வாங்கற காசுல நல்ல பங்கு திரும்ப அதுலயே போயிடும். இதைப் பத்தி யாரும் பேட்டியில சொல்றதில்ல.

பேமென்ட். படத்துல சின்ன ரோல்னா சாயங்காலம் ஷூட்டிங் முடிஞ்சு பேக்-அப் ஆனதும் கையில குடுக்கிற வழக்கம் இன்னும் பல இடத்துல இருக்கு. சீரியல்ல நீங்க இந்த மாசம் நடிச்ச காசு அக்கவுன்ட்ல விழறதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகலாம், சேனல்ல இருந்து கம்பெனிக்கு வரணும், கம்பெனி உங்களுக்குக் குடுக்கணும். ஆக முதல் மூணு மாசம் கையில இருந்து செலவழிச்சுத்தான் நடிப்பீங்கன்னு வச்சுக்கோங்க. வரும்போது 10 சதவீதம் டிடிஎஸ்னு வரி பிடிச்சுத்தான் வரும், நிறைய நடிகர்கள் ரிட்டர்ன் தாக்கல் பண்ணாம அந்தக் காசை அப்படியே விட்டுடறாங்க, வருத்தமா இருக்கும் பார்க்க. சினிமா கலைஞர்கள் வருமான வரியில தொழில்முறை வருமானக்காரங்க, வருஷ வரவுல பாதியை லாபம்னு காட்டி கணக்குப் புத்தகம் இல்லாம முடிக்கிற திட்டம் 50 லட்சம் வரைக்கும் (ரொக்கமா வாங்கினது 5 சதவீதத்துக்குள்ள இருந்தா 75 லட்சம் வரைக்கும்) வாங்கறவங்களுக்கு உண்டு, 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி வேற. ஒரு ஆடிட்டரை முதல் வருஷமே பிடிச்சுக்கோங்க. பிஎஃப், இஎஸ்ஐ, கிராஜுவிட்டின்னு இப்ப உங்க பேஸ்லிப்ல இருக்கிற எதுவும் இங்க கிடையாது, மெடிக்கல் இன்சூரன்ஸ் நீங்களே போட்டுக்கணும், வேலையை விடறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க, கம்பெனி பாலிசி வேலையோட போயிடும்.

மறு ஒளிபரப்புக் காசு வருமான்னு கேட்டிருந்தீங்க. நான் பார்த்த அக்ரிமென்ட் எதுலயும் கேரக்டர் ஆர்ட்டிஸ்டுக்கு அப்படி ஒண்ணு இருந்ததில்ல. 2020 மார்ச்சுல கொரோனாவுக்கு ஷூட்டிங் நின்னப்ப சேனல்கள் பழைய சீரியலை எல்லாம் எடுத்து ஓட்டினாங்க, அதுல நடிச்சவங்க வருமானம் இல்லாம வீட்ல உக்காந்து தன்னையே டிவியில பார்த்துக்கிட்டு இருந்தாங்க. சட்டம்னு பார்த்தா 2012ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினப்ப, நிகழ்த்துக் கலைஞரோட பங்களிப்பை வர்த்தகமா பயன்படுத்தினா அவருக்கு ராயல்டி உண்டுன்னு ஒரு வரி சேர்த்தாங்க. அது படத்துலயும் சீரியல்லயும் நடிக்கிறவங்களுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்ங்கறதுல வக்கீல்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கு, நடைமுறையில நம்ம ஃபீல்டுல யாரும் அதை வச்சு சண்டை போடல. அமெரிக்காவுல நடிகர்கள் யூனியன் 2023ல 118 நாள் ஸ்ட்ரைக் பண்ணினாங்களே, அதுல முக்கியமான கோரிக்கையில ஒண்ணு ஓடிடியில ஓட ஓட நடிகருக்கு வர வேண்டிய பங்குதான். அங்க வேலை இல்லாத மாசத்துல பழைய எபிசோட் செக் வந்து பல நடிகர்களைக் காப்பாத்துது. நமக்கு அந்த மெத்தை இல்ல, அதை மனசுல வச்சுக்கிட்டு பட்ஜெட் போடணும்.

அடுத்து உங்க ரெண்டாவது கேள்வி. இங்க நான் உறுதியா எதையும் சொல்ல முடியாது, ஏன்னா ரெண்டு பக்கத்துக்கும் உதாரணம் இருக்கு. "டிவி முகம்"னு சொல்லி வேண்டாம்னவங்களை நானே பார்த்திருக்கேன், ஒரு பட டிஸ்கஷன்ல நல்ல நடிகர் பேரைச் சொன்னா "தினம் ராத்திரி எட்டு மணிக்கு வீட்ல பார்க்கிற ஆளை எதுக்கு டிக்கெட் எடுத்துப் பார்க்கணும்"னு தயாரிப்பாளர் பக்கம் இருந்து ஒரு குரல் வரும். ஹீரோ ஹீரோயின் தேர்வுல இந்தப் பேச்சு ஜாஸ்தி, கேரக்டர் ரோலுக்கு ரொம்பக் கம்மி. இன்னொரு பக்கம் ஜி. மாரிமுத்துவைப் பாருங்க. பல வருஷம் உதவி இயக்குநர், 2008லயும் 2014லயும் ரெண்டு படம் இயக்கினார், 2011ல 'யுத்தம் செய்'யில நடிச்சதுல இருந்து படத்துல கேரக்டர் ரோல் வந்துக்கிட்டேதான் இருந்தது, ஆனா வீட்டுக்கு வீடு தெரிஞ்சது 'எதிர்நீச்சல்' சீரியல்ல குணசேகரனா வந்தப்புறம்தான். அந்த சீரியல் ஓடிக்கிட்டு இருக்கும்போதே 'ஜெயிலர்'லயும் இருந்தார். அவர் விஷயத்துல சீரியல் சினிமாவை அடைக்கல, முகத்தை இன்னும் பெரிசாக்கிச்சு. 2023 செப்டம்பர்ல அந்த சீரியலுக்கு டப்பிங் பேசும்போதே மாரடைப்பு வந்து போயிட்டார். அவ்வளவு பேர் அவருக்காகவே பார்த்த சீரியல், ஆனாலும் அந்த கேரக்டர் நிக்கல, வேல ராமமூர்த்தி வந்தார், கதை தொடர்ந்து ஓடுச்சு. மேல நான் கார்டு பத்தி சொன்னது கொடூரமா பட்டிருந்தா, தொழில் அப்படித்தான் இருக்கு.

எம்.எஸ். பாஸ்கர் இன்னொரு வழி. டிவி காமெடி, டப்பிங், படத்துல சின்னச் சின்ன ரோல்னு எல்லாத்தையும் ஒரே நேரத்துல பண்ணிக்கிட்டே வந்தவர், 2025ல அறிவிச்ச தேசிய விருதுல 'பார்க்கிங்' படத்துக்காக சிறந்த துணை நடிகர் வாங்கினார். விஜய் சேதுபதி கூட ஹீரோ ஆகிறதுக்கு முன்னாடி சீரியல்ல தலை காட்டினவர்தான், வாணி போஜன், பிரியா பவானி சங்கர் எல்லாம் சீரியல்ல இருந்தே போனாங்க. ஆனா இந்தப் பேரை எல்லாம் வச்சு முடிவு எடுக்காதீங்க, போகாத ஆயிரம் பேரோட பேரு நமக்குத் தெரியாதுங்கறதால அவங்க லிஸ்ட்ல வர்றதில்ல. என் அபிப்பிராயம் என்னன்னா, கேரக்டர் ஆர்ட்டிஸ்டுக்கு சினிமா வாய்ப்பு போறது முகத்தால இல்ல, முக்கால்வாசி தேதி ஒத்து வராததால. படத்துக்கு திடீர்னு கூப்பிடுவாங்க, "நாளைக்கு மறுநாள் வர முடியுமா", சீரியல்ல இருக்கிறவர் முடியாதும்பார், சும்மா இருக்கிறவர் வர்றேன்பார். நாலு தடவை இப்படி ஆனா அந்த மேனேஜர் அப்புறம் போன் பண்றதையே விட்டுடுவார், வெளியில "டிவி ஆர்ட்டிஸ்ட்டு அதான் கூப்பிடல"ன்னு பேச்சாகும். இது என் அனுமானம்தான், நிரூபிக்க என்கிட்ட எதுவும் இல்ல.

டப்பிங்கை யாரும் கவனிக்கிறதில்ல. குரலும் உச்சரிப்பும் நல்லா இருந்தா தெலுங்கு, இந்தி சீரியல் டப்பிங், ஓடிடி சீரிஸ் டப்பிங், விளம்பரக் குரல்னு நிறைய வேலை இருக்கு, மீசை பிரச்சனை இல்ல, வயசு பிரச்சனை இல்ல, ரெண்டு மணி நேரம் போயிட்டு வரலாம். ரெண்டு சீரியலுக்கு நடுவுல ஒரு வருஷம் கேப் விழும்போது பல பேர் வீட்ல அடுப்பு எரிஞ்சது இதுலதான். ஆனா அதுக்குத் தனி யூனியன் கார்டு வேணும். நடிகர் சங்கம் வேற, சின்னத்திரை நடிகர் சங்கம் வேற, டப்பிங் யூனியன் வேற, ஒரு கார்டு இருந்தா மத்ததுல தானா உள்ள போயிட முடியாது, ஒவ்வொண்ணுக்கும் தனி சந்தா, தனி விதி. கார்டு வாங்க யூனியன் ஆபீசுல ரசீதோட கட்டற பணம் நியாயமானது. அது தவிர நடிக்க வாய்ப்பு தர்றேன், ரிஜிஸ்ட்ரேஷன், போர்ட்ஃபோலியோ, கேமரா டெஸ்ட்டுன்னு எவன் காசு கேட்டாலும் அது மோசடி, இதுல சந்தேகத்துக்கு இடமே இல்ல. நிஜமான கம்பெனி உங்களுக்குத்தான் காசு குடுக்கும்.

அந்த கேப் பத்தி கொஞ்சம் சொல்லணும். சீரியல் முடிஞ்சா உடனே அடுத்தது வரும்னு நினைப்போம், பெரும்பாலும் வராது. ஒரு கேரக்டர்ல மூணு வருஷம் இருந்தா சேனல்ல "இவர் அந்த அப்பாதானே, கொஞ்ச நாள் போகட்டும்"பாங்க. வியாழக்கிழமை ரேட்டிங் வந்ததும் ஸ்லாட் மாறும், ரெண்டு வருஷம் ஓடும்னு சொன்ன சீரியல் எட்டு மாசத்துல க்ளைமாக்ஸ் எடுக்கும், எங்களுக்கே ரெண்டு வாரம் முன்னாடிதான் தெரியும். ஏன் ரேட்டிங் விழுந்துச்சுங்கறதுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க, எதிர் சேனல் சீரியல், டிராக் இழுவை, புது முகம் செட் ஆகல, எது சரின்னு யாருக்கும் உறுதியா தெரியாது, ஆனா கேரக்டரைக் குறைக்கணும்னா எப்பவும் ரெண்டாம் வரிசையில இருந்துதான் கை வைப்பாங்க, அதாவது அண்ணன், சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர். நீங்க போகப் போறது அந்த வரிசை. நல்லா ஓடற ரெண்டு வருஷத்துல வந்த காசுல பாதியை எடுத்து வைக்கிறவங்க தப்பிச்சாங்க, முதல் சீரியல் வந்ததும் கார் எடுத்தவங்க பல பேர் அதை வித்ததையும் பார்த்திருக்கேன். பெண்களுக்கு இந்த கேப் இன்னும் மோசம், 32 வயசுல ஹீரோயின் அக்கா, 36ல ஹீரோவுக்கே அம்மான்னு தள்ளிடுவாங்க, அம்மா ரோல் ஒத்துக்கிட்டா திரும்ப அக்காவுக்குக் கூட வர முடியாது, ஒத்துக்கலேன்னா வேலை இல்ல. ஆம்பளைங்களுக்கு 45க்கு மேல ரோல் கூடும். நியாயமே இல்ல, ஆனா அப்படித்தான் இருக்கு.

பயிற்சி வேணுமான்னா, சீரியலுக்குள்ள வர்றதுக்கு கட்டாயம் இல்ல. ஆனா சீரியல் ஒரு பழக்கத்தைக் கத்துக் குடுக்கும், ப்ராம்ப்ட்டிங் கேட்டு சொல்றது, பின்னணி இசைக்கு இடம் விட்டு மூணு செகண்ட் முறைக்கிறது, அதையே சினிமாவுல பண்ணா டைரக்டர் மூஞ்சி சுருங்கும். நாடகத்துல இருந்து வந்தவங்களுக்கு இந்த ரெண்டுக்கும் நடுவுல மாறத் தெரியுது. 1977ல ந. முத்துசாமி ஆரம்பிச்ச கூத்துப்பட்டறையில இருந்து வந்த பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் மாதிரி ஆட்களை கேரக்டர் ரோலுக்கு இன்னிக்கும் தேடிக் கூப்பிடறாங்கன்னா உடம்பையும் குரலையும் பழக்கி வச்சிருக்கிறதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். வாரத்துல ஒரு நாள் ஏதாவது நாடகக் குழுவோட இருங்க, காசு வராது, இருந்தாலும் இருங்க.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். அண்ணன் ரோல், மாசம் 10 நாள், முதல் சீரியல். இப்ப உங்க கம்பெனியில ஷிஃப்ட் மாத்தியோ, சம்பளம் இல்லாத லீவு எடுத்தோ, வீட்ல இருந்து பார்க்கிற வேலைக்குக் கேட்டோ ஆறேழு மாசம் ரெண்டையும் ஓட்ட வழி இருந்தா அதைத்தான் முதல்ல பாருங்க. சீரியல் டெலிகாஸ்ட் ஆகி ஆறாவது ஏழாவது மாசத்துல உங்க கேரக்டருக்கு கதையில வேலை இருக்கா, மேனேஜர் நாளை கூட்டிக் கேக்கறாரா குறைச்சுக் கேக்கறாரான்னு தெரிஞ்சிடும். அதுக்கு வழியே இல்ல, விட்டாத்தான் நடிக்க முடியும்னா, சீரியல்ல இருந்து ஒரு ரூபா வரலேன்னாலும் ஒரு வருஷம் வீட்டுச் செலவு பார்க்கிற அளவுக்குக் காசு பேங்க்ல இருந்தா விடுங்க, இல்லேன்னா இந்த ரோலை விட்டுடுங்க, 29 வயசு ஆம்பளைக்கு அண்ணன் ரோல் திரும்ப வரும்.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அக்ரிமென்ட்டை உக்காந்து படிங்க, மேனேஜர் "எல்லாம் ஸ்டாண்டர்டுதான் தம்பி"ன்னு பேனாவை நீட்டுவார், வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிச்சுட்டு தர்றேன்னு சொல்லுங்க, அதுக்காக யாரும் ரோலைத் திரும்ப எடுத்துக்க மாட்டாங்க. இந்த சீரியல் ஓடற வரைக்கும் வேற சேனல்ல நடிக்கக்கூடாதுன்னு இருக்கான்னு பாருங்க, இருந்தா அதுக்குப் பதிலா குறைஞ்சபட்ச நாள் உறுதி கேளுங்க, ரெண்டும் இல்லாம உங்களைக் கட்டிப்போட விடாதீங்க. சினிமாவுக்கு மாசம் 5 நாள், முன்கூட்டியே 10 நாள் நோட்டீஸ் குடுத்தா விடணும்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. எழுதித் தர மாட்டேன்னா அட்லீஸ்ட் மேனேஜருக்கு வாட்ஸ்அப்ல "நாம பேசினபடி"ன்னு அனுப்பி வச்சுக்கோங்க, அவர் ஓகேன்னு ஒரு வார்த்தை போட்டாலும் பின்னாடி பேசறதுக்கு உதவும். நாள் கணக்கை நீங்களே தனியா ஒரு நோட்டுல எழுதுங்க, தேதி, லொகேஷன், வந்த நேரம், பேக்-அப் நேரம், மூணு மாசம் கழிச்சு பேமென்ட் வரும்போது அவங்க கணக்குல ஒரு நாள் குறையறது சகஜம், நோட்டு இருந்தா அஞ்சு நிமிஷத்துல பேசி வாங்கிடலாம்.